சிறு டிராக்டரின் புகையும் டேங்கில் ஊற்றும் டீசலும்: வாசகர் கேள்வி – பதில்

சிறு டிராக்டர் ஓட்டும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் சில புகையைப் பற்றியும் சில டீசலைப் பற்றியும் கேட்டிருந்தன. இரண்டும் ஒரே குழாயின் இரு முனைகள் என்பதால், அவற்றைப் பிரிக்காமல் இம்முறை சேர்த்தே பதில் தருகிறோம்.

கேள்வி: ஐயா, என்னிடம் 18 குதிரைத்திறன் உள்ள சிறு டிராக்டர் இருக்கிறது. பழத்தோட்டத்தில் மரவரிசைகளுக்கு இடையே நாள் முழுவதும் மெதுவாக ஓட்டிக் களை வெட்டுகிறேன். புகைக்குழாயில் கண்ணுக்குத் தெரியும்படி புகை எதுவும் வருவதில்லை. இருந்தும் மாலையில் கண் எரிகிறது, தலை கனக்கிறது, சட்டையைக் கழற்றினால் டீசல் வாடை வீசுகிறது. மெக்கானிக்கோ இன்ஜினில் குறையே இல்லை என்கிறார். பிறகு ஏன் இப்படி?

பதில்: மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கலாம், உங்கள் கண் எரிவதும் உண்மைதான். கண்ணுக்குத் தெரியாத புகையில்தான் உறுத்தும் சரக்கு அதிகம். டீசல் அரைகுறையாக எரியும்போது ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற ஆல்டிஹைடுகள் உண்டாகின்றன. மிகச் சிறிய அளவிலேயே கண்ணையும் மூக்கையும் எரிக்கக்கூடிய இவற்றுக்கு நிறம் கிடையாது. இவற்றோடு நைட்ரஜன் ஆக்ஸைடுகளும், ஒரு மைக்ரானுக்கும் சிறிய கரித்துகள்களும் வெளியேறுகின்றன. தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், இத்துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை எப்படிப் போய்ச் சேர்கின்றன என்பது விளங்கும்.

குறைந்த லோடில், குறைந்த ரேஸில் நாள் முழுவதும் ஓடும் இன்ஜின் தேவையான சூட்டை எட்டுவதில்லை. சூடு ஏறாத எரியறையில் தெளிக்கப்படும் டீசலின் ஒரு பகுதி சுவரில் ஒட்டி, எரிந்தும் எரியாமலும் வெளியே வருகிறது. நீங்கள் சொல்லும் வாடை அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முதலில், இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். சூடு அதிகமாகிறது என்ற புகாருக்கு ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதை விட்டுவிட்டு, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அப்படிச் செய்த இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடி, வாடையும் வெண்புகையும் விட்டுக்கொண்டே இருக்கும்.

அடுத்து, புகை உங்களை வந்தடையும் வழிகளைப் பாருங்கள். பெரும்பாலான டிராக்டர்களில் ரேடியேட்டர் விசிறி முன்னாலிருந்து காற்றை இழுத்து இன்ஜின் மேல் வீசி, ஓட்டுநரின் முழங்காலுக்கு அனுப்புகிறது. இன்ஜினிலிருந்து வரும் புகையைத் திரட்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட் சிறிது விட்டிருந்தாலும், சைலன்ஸர் இணைப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும், அங்கே கசியும் புகை நேரே உங்கள் முகத்துக்கு வந்துவிடும். இன்ஜின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். இணைப்புகளைச் சுற்றி மை தீட்டியது போல் கரிக்கோடு தெரிந்தால் கசிவு அங்கேதான் இருக்கிறது. இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸின் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் எங்கே முடிகிறது என்பதையும் கவனியுங்கள். தேய்ந்த இன்ஜின்களில் அந்தக் குழாயிலிருந்து வரும் ஆயில் ஆவி, புகைக்குழாயைவிட அதிகமாகச் சட்டையில் ஏறும்.

மூன்றாவது காரணம் காற்று. நீங்கள் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், அதே திசையில் பின்னாலிருந்து காற்றும் ஏறத்தாழ அதே வேகத்தில் வீசுகிறது என்றால், உங்கள் புகை உங்களோடு கூடவே பயணம் செய்யும். மரங்கள் இருபுறமும் அடைத்திருக்கும் வரிசையில் அது விலகிப் போக இடமும் இல்லை. முடிந்த இடங்களில் காற்றுக்குக் குறுக்காக வரிசை பிடித்து ஓட்டினாலே மாலைத் தலைவலி பாதி குறைவதை நீங்களே உணர்வீர்கள்.

இன்னொரு செய்தி, வருத்தத்தோடு சொல்ல வேண்டியது. சிறிய இன்ஜின் என்பதால் புகையும் சிறிது என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சாலையில் ஓடாத டீசல் இயந்திரங்களுக்கான விதிகள் 19 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 25 குதிரைத்திறனுக்குக் கீழே, ஒரு கிலோவாட்-மணிக்கு 0.40 கிராம் வரை கரித்துகளை அனுமதிக்கின்றன. அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் அமெரிக்க வரம்பு 0.03 கிராம், ஐரோப்பிய வரம்பு 0.015 கிராம். ஒரே அளவு வேலைக்குச் சிறு டிராக்டர் தன் பெரிய அண்ணனைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கரியை விட விதியே இடம் கொடுக்கிறது என்பதுதான் இதன் பொருள். புகையை வடிகட்டும் டிபிஎஃப் பொருத்தினால் சிறு இயந்திரத்தின் விலை கட்டுப்படியாகாது என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் நியாயம். அந்த நியாயம் இருக்கையில் அமர்ந்திருப்பவரின் நுரையீரலுக்குத் தெரியாது.

கேள்வி: புகையின் நிறத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம் என்கிறார்களே, எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: நாடி பிடித்துப் பார்ப்பது போலத்தான்: திசையைக் காட்டும், முடிவைச் சொல்லாது. கரும்புகை என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. வெண்புகை என்றால் டீசல் எரியாமல் ஆவியாக வருகிறது, அல்லது தண்ணீர் எங்கிருந்தோ உள்ளே நுழைகிறது. நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. இந்த மூன்று வரிகளும் எல்லோருக்கும் தெரியும். தவறு நடப்பது இவற்றுக்கு அடுத்த படியில்தான்.

கரும்புகையைக் கண்டவுடன், டீசலைத் தெளிக்கும் நாசிலைக் கழற்றச் சொல்பவர்கள் அதிகம். அதற்கு முன் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். உலர்ந்த ரகமென்றால் உறையின் அடியில் இருக்கும் ரப்பர் வாயை விரலால் அமுக்கித் தூசியைக் கொட்டிவிட்டு, காகித ஃபில்டரை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக, 30 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தாண்டாமல் ஊதுங்கள். தரையில் தட்டித் தூசி உதிர்ப்பவர்கள் ஓரத்து ரப்பர் வளையத்தை நெளித்துவிடுகிறார்கள். அதன் பின் தூசி ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு நேரே சிலிண்டருக்குப் போகும். சுத்தம் செய்த ஃபில்டருக்குள் பல்பைவிட்டு இருட்டில் பாருங்கள்: ஊசிமுனை அளவு வெளிச்சம் எங்காவது தெரிந்தால் அதை மாற்றிவிட வேண்டும்.

ஃபில்டர் சரியாக இருந்தும் கரும்புகை வந்தால், வேலை செய்யும் முறையைக் கவனிக்க வேண்டும். ரோட்டவேட்டரை ஆழமாக இறக்கி, உயர்ந்த கியரில், குறைந்த ரேஸில் இழுக்க வைத்தால், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் முழு டீசலையும் திறந்துவிடும். உள்ளே வரும் காற்று அதை எரிக்கப் போதாது. ஒரு கியர் குறைத்து ஓட்டினால் புகையும் குறையும், வேலையும் சீராக நடக்கும். திடீரென்று ஆக்சிலரேட்டரைக் கூட்டும்போது ஒரு நொடி கரும்புகை எழுந்து மறைவது இயல்பு. தொடர்ந்து வருவதுதான் குறை.

இங்கே ஒரு எச்சரிக்கை. பம்பில் கம்பெனி முத்திரையிட்டிருக்கும் டீசல் அளவுத் திருகைக் கூட்டிவிட்டால் இழுவை கூடும் என்று சொல்லி, அந்த முத்திரையை உடைப்பவர்கள் உண்டு. இழுவை சிறிது கூடும் என்பது உண்மைதான். அதோடு புகையும், எக்ஸாஸ்ட் சூடும் கூடி, பிஸ்டன் தலை உருகும் நிலை வரும்போது திருகைத் திருப்பியவர் அருகில் இருக்க மாட்டார்.

வெண்புகையில் இரண்டு வகையைப் பிரித்தறிய வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் வந்து, சில நிமிடங்களில் மறையும் வெண்புகையில் டீசல் வாடை காரமாக இருக்கும். எரியறையைச் சூடாக்கும் குளோ பிளக், கம்ப்ரஷன், டீசல் தெளிக்கும் டைமிங் ஆகியவற்றை அதே வரிசையில் பார்க்க வேண்டும். இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்து, வாடை இல்லாமல் நீராவி போல் இருந்தால், ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா, ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று ஆம் என்றால், சிலிண்டர் தலைக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட்தான் முதல் சந்தேகம். அதற்கு மேல் டிராக்டரை ஓட்டாதீர்கள்.

நீலப்புகைக்குப் பிஸ்டன் ரிங் தேய்மானம் பொதுவான காரணம். ஆனாலும் இன்ஜினைப் பிரிக்கும் முன் ஆயில் மட்டத்தைப் பார்த்துவிடுங்கள். தூசியை ஆயிலில் பிடிக்கும் ஆயில் பாத் வகை ஏர் கிளீனரின் கிண்ணத்தில் குறித்த கோட்டுக்கு மேல் ஆயிலை ஊற்றிவிட்டு, இன்ஜின் ஆயில் குடிக்கிறது என்று எழுதியிருந்த வாசகர்களும் இருக்கிறார்கள். கிண்ணத்து ஆயில் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டால் இன்ஜின் அதையே எரிபொருளாகக்கொண்டு கட்டுப்பாடின்றி ஓடத் தொடங்கும் ஆபத்தும் உண்டு. அப்போது டீசலை நிறுத்தியும் பயன் இருக்காது.

கேள்வி: துணி முகக்கவசம் கட்டிக்கொண்டு ஓட்டினால் போதுமா?

பதில்: போதாது. துணி தூசியின் பெரிய துகள்களைத்தான் தடுக்கும். என்95 ரகக் கவசம், முகத்தோடு ஒட்டிப் பொருந்தினால், கரித்துகள்களைப் பெருமளவு தடுக்கும். நைட்ரஜன் டை ஆக்ஸைடையோ ஆல்டிஹைடையோ கார்பன் மோனாக்ஸைடையோ தடுக்காது. தாடி இருந்தால் அந்தப் பொருத்தமும் கிடைக்காது.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 1988இல் 'புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது' என்று வகைப்படுத்தியிருந்த டீசல் புகையை, 2012 ஜூனில் 'மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது' என்ற முதல் வகைக்கு மாற்றியது. அந்த முடிவுக்கு வலுச் சேர்த்தவற்றில் ஒன்று, 12,000க்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றிய அமெரிக்க ஆய்வு. அடைபட்ட சுரங்கமும் திறந்த வயலும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் வாழ்நாள் முழுவதும் புகைக்குழாய்க்கு ஒன்றிரண்டு மீட்டர் தொலைவில் அமர்பவர் கவலைப்படுவதில் மிகை எதுவும் இல்லை. கவசத்தைக் கடைசி வேலியாக வைத்துக்கொண்டு, முதல் வேலியை டீசலிலும் ஏர் ஃபில்டரிலும் போடுங்கள்.

கேள்வி: வாங்கும் டீசலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா? புகை குறைந்தால் டீசல் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் பலர் ஏமாறுவது அதில்தான். மண்ணெண்ணெய் டீசலைவிட இலேசானது, சுலபமாக ஆவியாவது. அது கலந்த டீசலில் கண்ணுக்குத் தெரியும் புகை குறையவும் செய்யலாம். ஆகவே குறைந்த புகையை மட்டும் வைத்து டீசலுக்கு நற்சான்று கொடுக்க முடியாது. கேடு நடப்பது பம்புக்குள். பல சிறு டிராக்டர்களின் டீசல் பம்புக்கென்று தனி ஆயில் கிடையாது. டீசலின் வழவழப்புதான் அதற்கு உயவு. சில மைக்ரான் இடைவெளியில் ஓடி டீசலை அழுத்தும் பிளஞ்சர் தண்டுக்கு அந்த வழவழப்பு குறைந்தால் அது தேயும்; தேய்ந்த பம்ப் அழுத்தம் தராது; அழுத்தம் இல்லாத டீசல் நாசிலில் பூவாகத் தெளிக்காமல் துளியாகச் சொட்டும். அதன் பின் வரும் புகைக்கு எந்த நல்ல டீசலும் மருந்தாகாது.

கண்டுபிடிக்கும் வழிக்கு வருவோம். துளியைக் காகிதத்தில் விட்டு உலரவிட்டுப் பார்க்கும் சோதனை பெட்ரோலுக்கானது; டீசலுக்கு அது எதையும் சொல்லாது. முகர்ந்து பார்ப்பதும் பழகிய மூக்குக்கு ஓர் ஐயத்தைத் தரும், அவ்வளவே. ஓரளவு நம்பத்தக்கது அடர்த்திச் சோதனை. உயரமான கண்ணாடிக் குழலில் டீசலை ஊற்றி, நுரை அடங்கியபின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, கூடவே வெப்பமானியையும் வைத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். டீசலின் அடர்த்தி ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் ஏற்றத்துக்கும் கன மீட்டருக்கு ஏறத்தாழ 0.7 கிலோகிராம் குறையும். 30 டிகிரியில் 822 என்று காட்டினால், 15 டிகிரிக்கு மாற்றும்போது ஏறத்தாழ 832 அல்லது 833 வரும். ஐரோப்பியத் தர நிர்ணயமான இஎன் 590 இந்த அளவை ஏறத்தாழ 820க்கும் 845க்கும் இடையே வைக்கிறது.

ஆனால் கணக்கை இன்னும் ஓர் அடி நடத்திப் பாருங்கள். 832 உள்ள டீசலில் ஐந்தில் ஒரு பங்கு, 800 அடர்த்தியுள்ள மண்ணெண்ணெயைக் கலந்தால் கிடைப்பது ஏறத்தாழ 826. அதுவும் வரம்புக்குள்ளேதான் நிற்கிறது! எனவே வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. வழங்கும் இடத்தில் அந்தச் சரக்குக்குப் பதிவாகியிருக்கும் அடர்த்தியோடு ஒப்பிடுவதில்தான் பயன் இருக்கிறது. நீங்கள் வாங்கும் ஒவ்வொரு முறையும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வந்தால், திடீரென்று ஒரு நாள் எண் சரியும்போது கேட்பதற்கு உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். பழைய ஆயில் போன்ற கனமான சரக்கு கலந்தால் இதற்கு நேர்மாறாக அடர்த்தி ஏறி, கரும்புகையும் கூடும்.

கேள்வி: ஐந்து மாதம் நிறுத்தி வைத்திருந்த டிராக்டரை எடுத்தபோது, சிறிது தூரம் ஓடியதும் திக்கித் திக்கி நின்றுவிட்டது. டீசல் ஃபில்டரைக் கழற்றினால் கரும்பழுப்பு நிறத்தில் வழவழவென்று கூழ் போல் இருக்கிறது. டீசலில் பாசி பிடிக்குமா?

பதில்: பாசி என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் அது வெளிச்சம் வேண்டாத பாக்டீரியாவும் பூஞ்சையும் சேர்ந்த கூட்டம். டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கினால், தண்ணீரும் டீசலும் சந்திக்கும் மெல்லிய எல்லையில் அவை குடியேறி, தண்ணீரில் வாழ்ந்துகொண்டு டீசலைத் தின்னும். அவை விடும் அமிலம் டேங்கின் தகட்டையும் அரிக்கும். தண்ணீர் இல்லையென்றால் இந்தக் கூட்டமும் இல்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

அந்தத் தண்ணீர் பெரும்பாலும் காற்றிலிருந்துதான் வருகிறது. அரை டேங்க் காலியாக இருக்கும் டிராக்டரில் பகலில் சூடாகும் காற்று இரவில் குளிர்ந்து, தகட்டின் உட்புறத்தில் முத்து முத்தாக வியர்க்கும். ஒவ்வொரு இரவும் சில துளிகள் வீதம் அடியில் சேரும். வேலை முடிந்த மாலையிலேயே டேங்கை நிரப்பி வைப்பது இதற்காகத்தான். டீசலில், தாவர எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்யும் உயிர்டீசல் கலந்திருந்தால் கவனம் கூடுதலாக வேண்டும்: ஐரோப்பியத் தரம் 7 சதவீதம் வரை அதை அனுமதிக்கிறது, அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் கெடவும் செய்யும். அப்படிப்பட்ட டீசலை ஆறு மாதத்துக்கு மேல் தேக்கி வைக்காமல் இருப்பது நல்லது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: டேங்கின் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து, முதலில் வருவதை ஒரு தெளிந்த கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் தண்ணீர் தனியாகவும், அதன் மேல் சளி போன்ற ஒரு படலமும், மேலே டீசலும் பிரிந்து நிற்கும். படலம் தெரிந்தால் ஃபில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. டேங்கை முழுவதும் வடித்து, துடைத்து, உயிர்க்கொல்லி மருந்து கலந்த புதிய டீசல் ஊற்றி, இரண்டாவது ஃபில்டரையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். செத்த கூட்டம் உதிர்ந்து வந்து முதல் ஃபில்டரைச் சீக்கிரமே அடைக்கும்.

பீப்பாயில் டீசல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழைய முறை உண்டு. பீப்பாயைப் படுக்கவைத்து, குழாய் உள்ள முனையைச் சிறிது உயர்த்தி, ஒரு நாள் முழுவதும் அசைக்காமல் விட்டால், தண்ணீரும் கசடும் எதிர்முனையில் இறங்கிவிடும். பீப்பாய் துத்தநாகம் பூசியதாக மட்டும் இருக்கக் கூடாது. இதை என் சொந்தக் காசைச் செலவழித்துக் கற்றேன். பளபளவென்று துரு ஏறாமல் இருக்கிறதே என்று கால்வனைஸ்டு பீப்பாய் ஒன்றை வாங்கி ஒரு பருவம் முழுக்க அதில் டீசல் வைத்திருந்தேன். அந்தப் பருவத்தில் இரண்டு முறை நாசில் அடைத்தது. டீசலில் உள்ள அமிலங்களோடு துத்தநாகம் சேர்ந்து சோப்புப் போன்ற பொருளை உண்டாக்கி நாசில் துளைகளில் படிகிறது என்று, பம்ப் பழுது பார்ப்பவர் நாசில் முனையை உருப்பெருக்கியின் கீழ் வைத்துக் காட்டிய பிறகுதான் நம்பினேன்.

கேள்வி: கந்தகம் குறைந்த டீசல் வந்த பிறகுதான் என் பழைய டிராக்டரின் பம்ப் கசியத் தொடங்கியது. சுற்றுச்சூழலுக்காகப் பழைய இன்ஜினைப் பலி கொடுக்கிறார்களா?

பதில்: உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. கந்தகத்தை நீக்கச் சுத்திகரிப்பு ஆலையில் டீசலை ஹைட்ரஜனோடு சேர்த்துப் பதப்படுத்தும்போது, இயற்கையாகவே அதிலிருந்த வழவழப்புத் தரும் சேர்மங்களும் போய்விடுகின்றன. அரோமேட்டிக் சேர்மங்களும் குறைகின்றன. பல ஆண்டுகளாக அந்த அரோமேட்டிக்கில் ஊறிப் பருத்திருந்த பழைய நைட்ரைல் ரப்பர் வளையங்கள், அவை குறைந்ததும் சுருங்கிக் கசிகின்றன. வழவழப்புக் குறையை ஈடுகட்டச் சேர்மானம் கலந்துதான் டீசல் விற்பனைக்கு வருகிறது. வளையங்களை வைட்டான் என்னும் செயற்கை ரப்பர் ரகத்துக்கு ஒரு முறை மாற்றிவிட்டால் கசிவும் தீரும்.

மற்றப் பாதியையும் சொல்ல வேண்டும். கந்தகம் எரிந்தால் அமிலமாகி ஆயிலைக் கெடுத்து, சிலிண்டரை அரிக்கிறது. கந்தகம் அரை சதவீதத்தைத் தாண்டும் இடங்களில் ஆயிலைச் சீக்கிரம் மாற்றச் சொல்லும் கையேடுகள் உண்டு. அரை சதவீதம் என்பது பத்து லட்சத்தில் 5,000 பங்கு. இன்றைய ஐரோப்பிய வரம்பு 10 பங்கு, அமெரிக்க வரம்பு 15. உங்கள் தொண்டையில் இறங்கும் கந்தக டை ஆக்ஸைடும் அதே விகிதத்தில் குறைந்திருக்கிறது. ஒரு பொட்டலம் ரப்பர் வளையத்துக்கு இது மோசமான பேரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: டீசல் இன்ஜினைக் கண்டுபிடித்தவரே கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினாராமே? வடிகட்டிய பழைய சமையல் எண்ணெயை டீசலோடு கலந்து ஓட்டினால் என்ன?

பதில்: 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் சிறிய டீசல் இன்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது உண்மை. அதைக் காட்சிக்கு வைத்தது ஓட்டோ நிறுவனம். ருடால்ஃப் டீசல் பின்னாளில் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். அந்நாளைய இன்ஜின் மெதுவாக ஓடுவது. டீசலை அழுத்தக் காற்றால் ஊதித் தெளிப்பது. இன்றைய நாசிலின் மயிரிழைத் துளைகள் அதில் கிடையாது.

40 டிகிரி சூட்டில் தாவர எண்ணெய் டீசலைவிட ஏறத்தாழ பத்து மடங்கு பிசுபிசுப்பானது. அது நாசிலிலிருந்து பெரிய துளிகளாக விழுந்து, முழுதாக எரியாமல் நாசில் முனையிலும் ரிங் காடியிலும் கரியாக இறுகும். எரியாத மிச்சம் ஆயிலில் இறங்கி அதைக் களியாக்கும். முதல் சில வாரங்கள் எல்லாம் நன்றாகவே ஓடும், புகையில் பலகாரம் பொரிக்கும் வாசனைகூட வரும். அதனால்தான் பலரும் துணிந்துவிடுகிறார்கள். முறைப்படி வேதிமாற்றம் செய்து தரச்சான்று பெற்ற உயிர்டீசல் வேறு பொருள். உங்கள் கையேடு அனுமதிக்கும் சதவீதம் வரை அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கேள்வி: கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிடலாமா? பசுமைக்குடிலுக்குள் உழுவதற்கும் இதே டிராக்டரைத்தான் பயன்படுத்துகிறோம்.

பதில்: கொட்டகைக்குள் ஸ்டார்ட் செய்து உடனே வெளியே எடுத்துவிடுங்கள், சூடேறுவதற்குக்கூட உள்ளே நிறுத்தாதீர்கள். பெட்ரோல் இன்ஜினைவிட டீசல் இன்ஜின் கார்பன் மோனாக்ஸைடைக் குறைவாகவே விடும் என்பது உண்மை. ஆனால் அந்த வாயு ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும் என்பதால், அடைபட்ட இடத்தில் 'குறைவு' என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை. ஒரு கதவு மட்டும் திறந்திருந்தால் காற்று உள்ளே வந்து வெளியேறப் பாதை இருக்காது. எதிரெதிரே இரண்டு திறப்புகள் வேண்டும்.

பசுமைக்குடிலில் பக்கத் திரைகளை முழுவதும் சுருட்டிவிட்டு, குறுகிய நேரம் உழுது, வெளியே வந்து காற்று வாங்கிவிட்டுத் திரும்பப் போங்கள். வேறு ஒருவர் வெளியே நின்று கவனிக்க வேண்டும். தலைவலி, குமட்டல், காலில் பலமின்மை ஆகியவை தொடங்கினால் வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்காராமல், இன்ஜினை நிறுத்திவிட்டு அந்த நொடியே வெளியேறுங்கள். நைட்ரஜன் டை ஆக்ஸைடு இன்னும் நயவஞ்சகமானது: அதை நிறைய சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் நன்றாக இருந்துவிட்டு, இரவில் மூச்சுத் திணறல் வரக்கூடும். அப்படி வந்தால் பகலில் எங்கே வேலை செய்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: டீசல் ஃபில்டர் மாற்றியபின் இன்ஜின் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. நாமே ஏர் எடுக்கலாமா? நாசில் பைப்பில் இலேசாகக் கசிவும் இருப்பது போல் தெரிகிறது.

பதில்: ஏர் எடுப்பது என்பது டீசல் பாதையில் புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான்; தாராளமாக எடுக்கலாம். ஃபில்டர் தலையிலுள்ள ஏர் திருகை ஒரு சுற்று தளர்த்தி, கைப்பம்பை அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் நுரையாகவும், பின் குமிழ் குமிழாகவும், கடைசியில் கண்ணாடிக் கம்பி போல் தெளிவாகவும் டீசல் வரும். தெளிந்து வரும்போதே, கைப்பம்பை நிறுத்தாமல், திருகை இறுக்குங்கள். அடுத்து பம்பின் மேல் உள்ள திருகிலும் இதையே செய்யுங்கள். பெரும்பாலும் இதற்குள் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். புதிய ஃபில்டரில் டீசலை நிரப்பி மாட்டினால் வேலை குறையும் என்பார்கள். அந்த டீசலில் ஒரு தூசி இருந்தாலும் அது வடிகட்டப்படாமலேயே நேரே பம்புக்குப் போகும் என்பதால், காலியாக மாட்டிக் கைப்பம்பால் நிரப்புவதையே நான் விரும்புகிறேன்.

நாசில் பைப் கசிவு வேறு விஷயம். பம்புக்கும் நாசிலுக்கும் இடையிலுள்ள அந்த மெல்லிய எஃகுக் குழாயில் நூறு பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் டீசல் பாய்கிறது. இன்ஜின் ஓடும்போது கசிவைத் தேடி விரலால் தடவாதீர்கள். ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பிடித்து, அதில் ஈரம் படும் இடத்தைப் பாருங்கள். ஊசித்துளையிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே எறும்பு கடித்தது போல் ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. ஆனால் உள்ளே தசை அழுகத் தொடங்கிவிடும் என்பதால், காயம் சிறிதாக இருக்கிறதே என்று வீட்டில் காத்திருக்காமல், சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், 'உயர் அழுத்த டீசல் தோலுக்குள் ஏறியிருக்கிறது' என்று அதே சொற்களில் சொல்லுங்கள்.